குருநாதன் சொல்லாதவை

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள் ஸ்கேன் அறையின் வாசலில் நின்ற பெண். யாரும் வரவில்லை என்று ஆறுமுகநயினார் சொன்னதும் கையிலிருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோயாளி கையெழுத்துப் போடும் இடத்திலும் கூட வந்தவர் போடும் இடத்திலும் அவரையே போடச் சொல்லிவிட்டாள். அறுபத்தாறு வயதுக்கு இரண்டு கையெழுத்தும் கோணாமல்தான் விழுந்தன. முப்பத்து நான்கு வருடம் நாகப்பூரில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த வலது கை அது, அதற்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இடது கைதான் இரண்டு மாதமாக விரல் விரலாக மரத்துப்போகிறது. போன வாரம் பாத்திரக்கடையில் நின்றுகொண்டு 'கரண்டி' என்ற சொல் நாக்குக்கு வராமல் காற்றைக் கிண்டிக் காட்ட வேண்டியதாயிற்று. கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார், அதுதான் அவரைப் பயமுறுத்தியது. எதற்கும் தலையை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர், எதற்கும் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாக. ஜெசிந்தா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் அவருடைய கடிகாரம், கண்ணாடி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைத்தாள். "பல்செட் உண்டாய்யா? அதையும் கழட்டிருங்க." பல்லைக் கழற்றியதும் முகம் உள்ளே மடிந்துவிட்டதுபோல் இருந்தது. நாலு பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்தாற்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு அந்த நீளமான பலகையில் ஏறிப் படுத்தார். காதில் பஞ்சு வைத்து, தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, கையில் ரப்பர் உருண்டை ஒன்றைக் கொடுத்தாள். "மூச்சு முட்டுதாப்பல இருந்தா இத அமுக்குங்க. ஆனா தலை மட்டும் அசையக் கூடாது. இருபத்தஞ்சு நிமிசம். ஒண்ணும் செய்யாண்டாம், சும்மா படுத்திருந்தாப் போதும்." சும்மா படுத்திருப்பதற்கு என்ன, ஓய்வு பெற்று வந்து எட்டு வருடமாக அதைத்தானே செய்கிறோம் என்று சொல்ல நினைத்தார். பல் இல்லாமல் பேசக் கூச்சமாக இருந்ததால் தலையை ஆட்டப் போனார், கூண்டு விடவில்லை.

பலகை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு நாலு விரற்கடை மேலே வெள்ளையாக ஒரு வளைவு, அவ்வளவுதான் உலகம். சவப்பெட்டி என்று தோன்றியது, உடனே, நம்மில் பெட்டி கிடையாதே, பாடைதானே என்றும் தோன்றியது. இந்த நேரத்தில் இது ஒரு திருத்தமா என்றும் தோன்றியது. குளிராக இருந்தது. எங்கோ ஒரு பம்ப் கிர்ர் கிர்ர் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் தகரக் கதவை இரும்புக் கம்பியால் அடிப்பதுபோல டக் டக் டக் டக் என்று ஆரம்பித்தது. இதயம் அதோடு சேர்ந்து அடித்துக்கொள்ளப் பார்த்து முடியாமல் பின்தங்கியது. உருண்டையை அமுக்கிவிடலாமா? அமுக்கினால் அந்தப் பெண் வந்து இழுப்பாள், பல்லில்லாத கிழவன் பயந்துபோய்க் கிடப்பதைப் பார்ப்பாள். வேண்டாம். மூக்கு நுனி அரித்தது. சொறியக் கூடாது என்றதும் அரிப்பு காதுக்குப் போயிற்று. படத்தில் என்ன தெரியும்? கட்டியென்றால் எவ்வளவு பெரிது என்று அளவு போட்டுக் கொடுப்பார்களாம், புளியங்கொட்டை அளவு, எலுமிச்சை அளவு, எல்லாமே சமையலறைச் சாமான். இருந்தால்? சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால் யாருக்குச் சொல்வது? வாடகை வீட்டு மாடியில் ஒருத்தன் கிடக்கிறான் என்று கீழ் வீட்டுக்காரர்களுக்கு எத்தனை நாள் கழித்துத் தெரியும்? பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து இரண்டாம் நாள் தெரியும். மூன்றாம் நாள் தூக்கியாக வேண்டும், உடம்பு கெட்டுவிடும். தாங்காது. இந்தச் சொல் எங்கே வருமென்று காத்துக்கொண்டிருந்ததுபோல வந்தது, தாங்காது. வந்ததும் தம்பி குருநாதனும் வந்துவிட்டான். எப்போதும் இப்படித்தான், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டும். "அவ்வளவு அவசரம் என்னல உனக்கு? ஐஸ் பெட்டி இல்லாத ஊரா இது?" என்று நயினார் ஆரம்பித்தார், வாய் திறக்காமல், தலை அசையாமல். "ரெண்டு நாள் அம்மாவப் பெட்டிக்குள்ள போட்டு வச்சு ஊர்க்காரன் எல்லாம் எட்டிப் பாக்கணுமாண்ணே?" என்றான் தம்பி. "எனக்கு முகத்தப் பாக்கணும்னு இருக்காதா?" "மூணு வருசமா ஊர்ப்பக்கமே வராத ஆளுக்கு முகம் எதுக்கு?" அதற்கு நயினார் சொல்லும் பதில் இருக்கிறது, நாலைந்து விதமாகச் செதுக்கி வைத்திருக்கிறார், அதில் இன்றைக்கு எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்து பதினெட்டு வருடம். ஒரு சித்திரை மாதம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது என்று நாகப்பூர் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. சாயங்கால ரயிலைப் பிடித்து, சென்னையில் இறங்கி, அடுத்த ரயிலில் முன்பதிவு இல்லாமல் கக்கூசு வாசலில் நின்றபடியே வந்து, வெள்ளிக்கிழமை விடியற்காலை திருநெல்வேலியில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தெருவுக்குள் நுழைந்தால், வீடு கழுவி விட்டிருந்தது. விடியலில் மறுபடி கழுவியிருந்த வாசலில் இன்னும் ஈரம் காயவில்லை. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள்ளேயே தூக்கிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு குருநாதன் உள்ளேயிருந்து வந்தான். கொள்ளி யார் வைத்தார்கள் என்பதில் அவருக்கு ஒன்றுமில்லை, அந்த மாதிரி உரிமைக்கெல்லாம் நிற்கிற ஆள் இல்லை அவர். கல்யாணம் அமையாமல் போன மனிதருக்கு உலகத்தில் பார்க்க என்று இருந்தது ஒரே ஒரு முகம், அதைப் பார்க்க விடவில்லை. அன்று நின்ற பேச்சுதான். ஓய்வு பெற்று அதே ஊருக்கு வந்து, நாலு தெரு தள்ளி மாடியில் குடியேறின பிறகும் பேசவில்லை. மார்க்கெட்டில் தம்பி எதிரே வந்தால் அவர் மருந்துக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார். நாலு வருடத்துக்கு முன்னால் குருநாதன் மாரடைப்பில் போய்விட்டான், மின்வாரியத்தில் லைன்மேன் வேலை, ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது. நயினார் போயிருந்தார். தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே போகவில்லை. பாடை அவரைத் தாண்டிப் போனபோது மனசுக்குள் அவர் சொன்னது, "இதுலயும் நீதான முந்திக்கிட்ட." அதற்கும் குருநாதன் பதில் வைத்திருந்தான். செத்துப்போனதால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பல் தேய்க்கும்போதும், சோறு வடிக்கும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தாலும் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். "லீவு கிடைக்கலன்னு அம்மாட்ட சொன்னீங்களே, லீவு கேட்டீங்களா?" என்று இப்போது கேட்டான் குருநாதன். இது அவன் கடைசியில்தான் எடுப்பான். நயினார் திடுக்கிட்டார்.

இரைச்சல் சட்டென்று நின்றது. காதுப் பஞ்சையும் மீறி ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "ஐயா, தலைய அசச்சுட்டீங்க. இந்தப் படம் மறுபடி எடுக்கணும். ஏழு நிமிசம். இல்ல இல்லன்னு தலையாட்டுறீங்க, யார்ட்டயும் பேசுறீங்களா?" கடைசி வார்த்தையைக் கேலியாகத்தான் சொன்னாள். நயினாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. யாரும் இல்லாத இடத்தில் ஒருவன் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்ததை ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். இரைச்சல் மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை கீழ்ஸ்தாயியில், ஒரு மாவு மில்லுக்குள் படுத்திருப்பதுபோல. அசையக் கூடாது. அசையாமல் இருக்க வேண்டுமென்றால் வாதத்துக்குள் போகக் கூடாது, போகாமல் இருக்க வேண்டுமென்றால் அது எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலுவலகத்தில் நூறு வருடத்துப் பழைய வரைபடங்களைக் கண்ணாடி மேசையில் போட்டுப் பார்ப்பார்கள், கீழே விளக்கு எரியும். எது ஆறு, எது யாரோ போட்ட கறை என்று அப்போதுதான் தெரியும். அதைப்போலத்தான் பார்த்தார், வேறு வழி இல்லாததால். வந்தது. "லீவு கேட்டீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. அது கொஞ்சம் நின்றுவிட்டு வேறு மாதிரி வந்தது. "சாவறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி அம்மா போன்ல கூப்பிட்டாளே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் நயினான்னு. அதுக்கு என்ன சொன்னீங்க?" சொல்லவில்லை. தொண்டையில் வந்து நிற்பதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், எதைப் பார்க்க வேண்டும் என்று தேடாத நேரத்தில், அது கண்ணில் பட்டது. குருநாதன் எப்படி இவ்வளவு சரளமாகப் பேசுகிறான்?

குருநாதனுக்குத் திக்குவாய். பிறந்து பேச ஆரம்பித்ததிலிருந்து சாகும்வரை. 'அண்ணே' என்று கூப்பிடுவதற்கே அவனுக்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பதினெட்டு வருடமாகத் தனக்குள்ளே பேசுகிற குருநாதன் ஒரு தடவைகூடத் திக்கியதில்லை. ஒரு தடவைகூட. அப்படியென்றால் இது யார்? லீவு கேட்டீங்களா என்று கேட்டது யார்? அம்மா போனில் கூப்பிட்டது குருநாதனுக்கு எப்படித் தெரியும், அதை இவர் அவனிடம் சொன்னதே இல்லையே. அலுவலகத்தில் லீவு கேட்காமலே, கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் தானே பேசியிருக்கிறோம் என்பது ஒரு கண்டுபிடிப்பாகக்கூட வரவில்லை, எப்போதோ தெரிந்து மறந்துபோன சங்கதியாக, ஓ என்று வந்தது. மளிகைக்கடையில், பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில், எங்கே போனாலும் குருநாதன் வாயைத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது சிரிப்பதற்குள் அண்ணன் சொல்லிவிடுவான், "சீனி கால் கிலோ வேணுமாம்", "அவனுக்கு வயித்த வலிக்காம் சார்". தம்பி தலையாட்டுவான், சில சமயம் இல்லை என்றும் ஆட்டுவான். அப்போதும் நயினார் விடமாட்டார், வேறொன்றைச் சொல்லிப் பார்ப்பார். பாசத்தில்தான் செய்தார். மற்ற பையன்கள் சிரிக்கக் கூடாதே என்றுதான். அப்படியே பழகிவிட்டது. செத்த பிறகும் அவனுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். இது தெரிந்ததும் ஒரு பயம் வந்தது, கட்டிக்குப் பயந்ததைவிடப் பெரிய பயம். இந்தப் பேச்சும் இல்லையென்றால் பிறகு தனக்கு யார் இருக்கிறார்கள்? சோறு வடிக்கும்போது யார் கூட இருப்பார்கள்? சண்டைதான், ஆனால் இரண்டு பேர் இருந்தார்களே. ஒருத்தர்தான் இருந்தார் என்றால், பதினெட்டு வருடமாக, நாகப்பூரில் பத்து, இங்கே மாடி அறையில் எட்டு, ஒருத்தர் மட்டும்தான் இருந்தார் என்றால். கை உருண்டையைத் தேடியது, பிடித்தது, அமுக்கவில்லை. பயத்தையும் பார்த்தார். அதுவும் வந்து நிற்கிறதே ஒழிய எதுவும் செய்யவில்லை, மூச்சு அதுபாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பயப்படுகிறவன் ஒருத்தன் இருக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பெயர் தெரியவில்லை. அதற்கு வயசாகவில்லை என்று மட்டும் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அப்போது தானாக எழுந்து வந்தது, இத்தனை வருடம் பேச்சுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. ஈரமான வாசல். மொட்டைத் தலையோடு குருநாதன், முகமெல்லாம் வீங்கி, இரண்டு கையையும் இவரைப் பார்த்து நீட்டியபடி, அல்லது நீட்டலாமா என்று பாதியில் நிறுத்தியபடி. "அ... அ... அண்ணே, தா... தாங்காதுன்னுட்டாங்க. அ... அம்மா உ... உங்..." கழுத்து நரம்பு புடைத்தது. இடது கண் மூடிக்கொண்டது. நயினார் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்." சொல்லிவிட்டு அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அம்மா உங், அதற்குப் பிறகு என்ன? அம்மா உங்களைக் கேட்டாள் என்றா? உங்களைத் தேடினாள் என்றா? உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் என்றா? பாதிச் சொல்லில் நின்ற வாக்கியத்தை எடுத்து முடித்துவிட மனசு நாலாப்பக்கமும் ஓடியது. அதை அவர் பார்த்தார், சீனி கால் கிலோ வேணுமாம், வயித்த வலிக்காம், அதே ஓட்டம். உனக்குத் தெரியாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். கோபமாக இல்லை, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி. தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். முதல்முறையாக, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற தம்பியின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவன் அந்த ஒரு எழுத்தில் நின்றான், நின்றுகொண்டே இருந்தான், அவன் கையிரண்டும் பாதி நீண்டபடி இருந்தன. இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பேச்சும் வரவில்லை. வராத இடம் அகலமாக, மழை பெய்து ஓய்ந்த மைதானம் மாதிரி, யாருமில்லாமல் இருந்தது. அங்கே தனிமை இருந்தது, ஆனால் அதில் குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. ஏழு நிமிடத்துக்குள்தான் இருக்க வேண்டும். பிறகு கண்ணோரம் சூடாக ஒன்று வழிந்து காதுப் பஞ்சில் போய் இறங்கியது, துடைக்க முடியாது, அதனால் வழியவிட்டார்.

பலகை வெளியே வந்தது. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜெசிந்தா கூண்டைக் கழற்றியவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினாள். "என்னய்யா, பயந்துட்டீங்களா? அமுக்கியிருக்கலாம்லா. பாதிப் பேர் அமுக்கத்தான் செய்வாங்க."

நயினார் எழுந்து உட்கார்ந்தார். பல் இல்லை என்பது ஞாபகம் வந்தது, ஆனால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை. "பயமில்லம்மா," என்றார். சொல் குழறியது. "என் தம்பி செத்துப்போயிட்டான்."

அவள் பதறிப்போனாள். "எப்பம்? இப்பமா? போன் வந்துச்சா? வெளிய யாரும் சொல்லலையே."

"நாலு வருசம் ஆச்சு."

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குழம்பிப் பேசுகிறாரோ, டாக்டரிடம் சொல்ல வேண்டுமோ என்கிற யோசனை முதலில் அவள் முகத்தில் வந்தது, பிறகு அது போயிற்று. கண்ணாடித் தட்டி வழியாக வெளியே ஒருமுறை பார்த்தாள். அடுத்த நோயாளி, சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள், பக்கத்தில் அவள் மகள்.

"அவனுக்குப் பேச்சு திக்கும்மா," என்றார் நயினார். "ஒண்ண சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகும்."

"சரிய்யா."

"நான் முடிக்க விட்டதில்ல."

அவள் தட்டிலிருந்து அவருடைய பொருட்களை எடுத்துக் கொடுக்க வந்தவள், கொடுக்காமல் மேசையின் மேலேயே வைத்துவிட்டு, தனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கதவைத் திறந்து, "அஞ்சு நிமிசம் ஆவும்மா, மிசின் சூடா இருக்கு," என்று வெளியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கணினியின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவருடைய தலையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நயினாருக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இல்லை. பலகையின் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, சத்தம் வராமல், தோள் குலுங்க, இவ்வளவு நாள் தெருமுனையில் குடையோடு நின்ற மனிதர் தம்பிக்காக அழுதார். "இதெல்லாம் இப்ப எதுக்குண்ணே" என்று உள்ளே ஒரு குரல் சரளமாக ஆரம்பித்தது. அது குருநாதன் இல்லை. அது ஆரம்பித்தது, கொஞ்சம் பேசியது, கேட்பார் இல்லாமல் நின்றுபோயிற்று. அவர் அழுதுகொண்டிருந்தார்.